விலைப்பலகையின் மறுபக்கம்

மண்ணும் தட்டும் – 9

கிலோ முப்பது ரூபாய்க்குத் தக்காளி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் விளைவித்தவர் கைக்குப் போய்ச் சேர்வது ஏறத்தாழ பத்து ரூபாய். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைக் கணக்கிட்டுச் சொன்னது: நுகர்வோர் தரும் ஒவ்வொரு ரூபாயிலும் தக்காளி விவசாயிக்கு 33 காசு, வெங்காய விவசாயிக்கு 36 காசு, உருளைக்கிழங்கு விவசாயிக்கு 37 காசு. நாற்று, உரம், மருந்து, பறிப்புக்கூலி எல்லாம் அந்தக் காசுக்குள் அடங்கியாக வேண்டும்.

மீதிப் பணம் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மண்டிக் கமிஷன், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, வழியில் நசுங்கியது, அழுகியது என்று பிரிந்துவிடுகிறது. வெயிலில் தள்ளுவண்டி தள்ளுகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அவரும் உழைத்துத்தான் சாப்பிடுகிறார். காய் கடக்கும் தூரம் நீள நீள நடுவில் நிற்கும் கைகள் கூடுகின்றன. ஒவ்வொரு கைக்கும் கூலி உண்டு. அந்தச் சுமை கடைசியில் விளைவித்தவர் தலையிலும் சாப்பிடுகிறவர் தலையிலும் விழுகிறது.

சென்ற வாரம் மொத்த மண்டிகள் இயங்கும் விதத்தைப் பார்த்தோம். இந்த வாரம், அந்த மண்டி வாசலை மிதிக்காமலே காய் நம் வீட்டுக்கு வரும் ஒரு வழியைப் பார்ப்போம். கால் நூற்றாண்டாக நம் கண்ணெதிரே இருக்கும் வழி அது: உழவர் சந்தை.

அதிகாலைக் கணக்கு

விவசாயிகளே நேரடியாக விற்கும் சந்தையாகப் பஞ்சாபில் 1987ல் ‘அப்னி மண்டி’ தொடங்கியது. 1999 ஜனவரியில் ஆந்திரத்தில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். அடுத்த ஓராண்டில் சந்தைகளின் எண்ணிக்கை நூறை எட்டியது. சேலத்தில் சூரமங்கலம், தாதகாப்பட்டி, அம்மாபேட்டை, கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், ஈரோட்டில் சம்பத் நகர், திருச்சியில் தென்னூர் என்று, காய் வாங்கப் போகும் இடமாகவே இந்தப் பெயர்கள் அந்தந்த ஊர் மக்கள் நாவில் பதிந்துவிட்டன.

இந்தச் சந்தையின் நுட்பம் அதன் எளிமையில் இருக்கிறது. சுற்றுவட்டார விவசாயிக்கு அவர் நிலத்தையும் பயிரையும் பார்த்துச் சரிபார்த்த பின் படம் ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தையிலேயே கிடைக்கும். கமிஷன் என்ற பேச்சே இல்லை. கூடையைச் சுமைக்கட்டணம் இல்லாமல் அரசுப் பேருந்தில் ஏற்றிவரவும் வசதி செய்யப்பட்டது. காரோ வேனோ இல்லாத சிறு விவசாயிக்கு, நான்கு கட்டுக் கீரையும் ஒரு கூடைக் கத்திரிக்காயும் மட்டுமே பறித்தவருக்கு, நகரத்தின் நடுவில் கடை போட இதைவிட்டால் வேறு வழி ஏது?

விலைதான் இதன் உயிர்நாடி. ஒவ்வொரு நாள் காலையிலும் சந்தை அலுவலரும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து அன்றைய விலையை முடிவுசெய்து பலகையில் எழுதுகிறார்கள். மண்டியின் மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளியே விற்கும் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. இதுதான் அவர்கள் கையாளும் அளவுகோல்.

மண்டியில் கத்திரிக்காய் கிலோ 20 ரூபாய், வெளிக்கடையில் 30 ரூபாய் என்றால் உழவர் சந்தைப் பலகையில் 24 அல்லது 25 என்று இருக்கும். மண்டிக்குப் போயிருந்தால் அந்த இருபதிலும் கமிஷனும் கூலியும் கழிந்திருக்கும். இங்கே பலகையில் எழுதிய விலை முழுசாக விவசாயியின் சுருக்குப்பைக்குள் போகிறது. வாங்கியவருக்கும் ஐந்து ரூபாய் மிச்சம். இருவருக்கும் ஒரே நேரத்தில் லாபம் தரும் வியாபாரம் உலகில் அரிது. தூரம் குறைந்ததால் மட்டுமே இது நடக்கிறது.

தூரம் காயை என்ன செய்கிறது?

பறித்த பிறகும் காய் மூச்சுவிடுகிறது. தனக்குள் இருக்கும் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டும் ஈரத்தை இழந்துகொண்டும் இருக்கிறது. வெப்பம் கூடினால் இந்த வேகமும் கூடும். இதில் முதலில் அடிபடுவது கீரை. பரந்த இலை, மெல்லிய தோல். சில மணி நேர வெயில் போதும், தொங்கிவிடும். வைட்டமின் சி-யும் கூடவே குறைந்துகொண்டு வரும். அதனால்தான் அரைக்கீரையும் சிறுகீரையும் மணத்தக்காளியும் இன்றுவரை தொலைதூர லாரிகளுக்குப் பிடிகொடுக்காமல் ஊரைச் சுற்றியே விளைகின்றன. உங்கள் வீட்டில் உள்ளூர் உணவு என்று வேறு எதுவுமே இல்லாமல் போயிருந்தாலும், கீரை அநேகமாக இருக்கும்.

தக்காளியின் கதை வேறு. அது பயணத்துக்கு ஏற்ற உடம்பை எடுத்துக்கொண்டது. தொலைவுக்கு அனுப்ப வேண்டுமானால் முழுசாகப் பழுப்பதற்கு முன்பே, நிறம் திரும்பத் தொடங்கும்போதே பறிக்க வேண்டும். கிரேடில் அடுக்கினால் நசுங்காத தடித்த தோல் வேண்டும். அந்தத் தேவைக்குப் பொருந்தியவைதான் நாம் ‘பெங்களூர் தக்காளி’ என்று சொல்லும் கெட்டியான ரகங்கள். நாட்டுத் தக்காளிக்கு மெல்லிய தோல், நிறையச் சாறு, நல்ல புளிப்பு. ரசத்துக்கு அதற்கு இணை கிடையாது. ஆனால் முந்நூறு கிலோமீட்டர் தாங்காது. செடியிலேயே பழுத்த நாட்டுத் தக்காளியைச் சாப்பிட வேண்டுமானால், அது விளையும் இடம் நமக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெண்டைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பிஞ்சு முற்றாமலிருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய பயிர் அது. இரண்டு நாள் தவறினால் நார் ஓடிவிடும். நேற்று மாலை பறித்து இன்று காலை வந்த வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கவே தேவையில்லை. இந்த ருசியை அனுபவிப்பதைச் சிலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நன்றாக விளைந்த ஒன்றை அதன் பதத்தில் சாப்பிடுவது, விளைவித்தவருக்கு நாம் தரும் முதல் மரியாதை.

சில காய்களும் பழங்களும் ஒரு மண்ணோடு பிணைந்தே இருக்கின்றன. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய்க்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறுமலை வாழை ஒருகாலத்தில் முடிக்கொத்து நோயால் அந்த மலையிலேயே அழியும் நிலைக்குப் போய் மீட்கப்பட்டது. குறியீடு என்பது ஒரு சான்றிதழ்தான். கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரைதான் ஒரு விவசாயி அடுத்த பட்டத்துக்கு அந்த விதையை எடுத்துவைப்பார்.

பாதி வேலை நம்முடையது

2001க்குப் பிறகு பல உழவர் சந்தைகள் களையிழந்தன. ஆட்சி மாறியதும் கவனிப்பு குறைந்தது. 2006க்குப் பிறகு மறுபடியும் உயிர் வந்தது. 2021ல் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை புதிய சந்தைகளையும் பழைய சந்தைகளின் சீரமைப்பையும் அறிவித்தது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பலரும் கட்சிகளின் கதையாக மட்டுமே சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அரசு கொட்டகை போடலாம், தராசு தரலாம், பலகையில் விலை எழுதலாம். பலகையின் மறுபக்கத்தில் பையோடு நிற்க வேண்டியவர்கள் நாம். நாம் வராவிட்டால், மீந்த கீரைக்கட்டைத் திரும்ப ஊருக்குத் தூக்கிப் போகிறவர் மறுவாரம் வரமாட்டார்.

குறைகளும் இருக்கின்றன. விவசாயி என்ற பெயரில் வியாபாரிகள் நுழைந்துவிடுவதாகப் புகார்கள் வருகின்றன. சந்தை வாசலிலேயே முளைக்கும் தரைக்கடைகள் உள்ளே வரவேண்டியவர்களை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. இரண்டுக்கும் மருந்து வாங்குகிறவர் கையில் கொஞ்சம் இருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே போகலாம். “எந்த ஊருங்க? உங்க தோட்டத்துக் காயா?” என்று கேட்கலாம். தன் காயைக் கொண்டுவந்தவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பேச்சு தானாக நீளும். “ஏன்க்கா, இதை எப்படிச் சமைக்கிறது?” என்று தெரியாத கீரையைக் காட்டிக் கேட்டால், “பாசிப்பருப்பு போட்டுக் கடைஞ்சு பாருங்க தம்பி, புளி ஊத்திராதீங்க” என்று பதில் வரும். எந்தக் குளிரூட்டிய கடையிலும் இந்தப் பதில் கிடைக்காது.

இன்னொன்றும் நாம் செய்ய வேண்டும். வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போவதை நிறுத்தி, சந்தையில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சமையலைத் தீர்மானிக்க வேண்டும். மார்கழியில் முருங்கைக்காய் யானை விலை விற்கும். அப்போது அவரையும் மொச்சையும் குவிந்து கிடக்கும். சித்திரையில் முருங்கைக்காய் மலிந்துவிடும், மாங்காயும் வந்துவிடும். பருவத்தோடு போகிற சமையலில் செலவும் குறைவு, ருசியும் கூடுதல்.

அளவுக்கு மீறிக் குவியும் காலத்துக்கும் நம் சமையலறையில் பதில் இருந்தது. மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், கொத்தவரங்காய் வற்றல், மாவடு, தக்காளித் தொக்கு எல்லாம் மலிவான நாட்களில் வாங்கி இல்லாத நாட்களுக்குச் சேர்த்துவைத்த உணவுகள். 2023 மே மாதம் மகாராஷ்டிரத்தில் விலை கிடைக்காத தக்காளியை விவசாயிகள் சாலையில் கொட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பண்ணை பசுமைக் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. விலை விழுந்தால் விவசாயி அடுத்த முறை தக்காளி நட மாட்டார், அல்லது பராமரிக்காமல் விட்டுவிடுவார். கூடவே மழை பொய்த்தாலோ கொட்டித் தீர்த்தாலோ பற்றாக்குறை வந்துவிடும். மலிவான நாட்களில் ஒவ்வொரு வீடும் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்கு கிளறினால் இந்தச் சுழல் முழுசாக நின்றுவிடாது. ஆனால் பக்கத்து ஊரில் ஒருவர் விற்காத கூடையோடு திரும்புவது குறையும்.

எல்லாமே நம் மாவட்டத்தில் விளைந்துவிடாது. பெல்லாரி வெங்காயத்துக்கு மகாராஷ்டிரத்தையும் கர்நாடகத்தையும் நம்பித்தான் இருக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் எட்டும் தூரத்தில் இருக்கும்போது சாம்பாரிலும் பெல்லாரியைப் போட வேண்டுமா? வேலைக்குப் போகிறவர்களுக்குத் தினமும் விடியலில் சந்தைக்குப் போக முடியாது என்பதும் உண்மை. தினமும் போகத் தேவையில்லை. விடுமுறை நாளில் ஒருமுறை, குடும்பத்தில் யாராவது ஒருவர், ஏழு மணிக்குள் போனால் வாரத்துக்கான காயில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கணக்குப் போட்டே பாருங்கள். வாரம் 300 ரூபாய்க்குக் காய் வாங்கும் குடும்பம் என்று கொள்வோம். தக்காளிக்குச் சொன்ன 33 காசையே எல்லாக் காய்க்கும் பொதுவாக வைத்தால், கடையில் கொடுக்கும் முந்நூறில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 100 ரூபாய். அதே காய்க்கு உழவர் சந்தையில் நாம் கொடுப்பது சுமார் 255 ரூபாய். வழிச்செலவையும் அவர் செலவிடும் அரை நாளையும் கழித்தாலும் கடையில் கிடைத்ததைவிட அதிகமாகவே அவரிடம் நிற்கும். நம் கையில் 45 ரூபாய் மிச்சம். ஒரு தெருவில் இருபது வீடுகள் இப்படி மாறினால், பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிறு தோட்டம் விற்பனைக்கு வராமல் விளைநிலமாகவே நீடிக்க அது பெரிய துணை. மனையாகிப்போன தோட்டத்தை யாராலும் மீட்க முடியாது. அது தோட்டமாக இருக்கும்போதே அதன் காயை வாங்குவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம்.

அடுத்த வாரம்: திருத்துறைப்பூண்டியின் நெல் திருவிழாவும், விதையைக் கடன் கொடுத்து இரட்டிப்பாகத் திரும்ப வாங்கிய நெல் ஜெயராமனின் வழியும்.

(தொடரும்)