மடல் வேண்டாம் என்றார் வைத்தியர்

சென்ற வாரம் மூக்குக் கண்ணாடியின் சரித்திரத்தைச் சொன்னேன். அதைக் கழற்றி எறியத் துணிந்த ஒரு தொண்டி இளைஞனைப் பற்றி இந்த வாரம் சொல்லவேண்டும். தகப்பனாரோடு நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிற பிள்ளை அவன். பாக் விரிகுடா சாதுவான கடலென்று பெயர் வாங்கியதுதான். ஆனாலும் வலையை இழுக்கும்போது தெறிக்கிற உப்புத் தண்ணீர் கண்ணாடியில் காய்ந்து வெள்ளையாய்ப் படிந்துவிட, அதைத் துடைக்க உலர்ந்த துணி ஒரு முழம்கூடப் படகில் அகப்படாமல், பாதி நேரம் தடவித் தடவியே வேலை செய்து சலித்துப்போனவன், கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சிவகங்கை வழியாக மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

கருவிழியின் மேற்புறத்தில் மெல்லிய மடலொன்றைக் கீறித் திறந்து, உள்ளே லேசர் கிரணத்தைப் பாய்ச்சி, வளைவைத் திருத்தியபின் மடலை மூடிவிடுவதே இன்று பலரும் அறிந்த லாசிக் சிகிச்சை. பெரும்பாலோருக்கு மறுநாளே பார்வை தெளிந்துவிடுகிறது. ஆனால் இவனுடைய தொழிலைக் கேட்டமாத்திரத்தில், “தம்பி, உனக்கு மடல் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார் வைத்தியர். மூடிய மடல் பழைய உறுதியை முழுக்கப் பெறுவதில்லை. வருஷங்கள் கழித்து ஒரு கயிற்று நுனி கண்ணில் சுண்டினாலும் அது விலகிவிடக்கூடும். ஆகவே மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரே கிரணத்தைச் செலுத்துகிற முந்திய முறையையே அவர் கைக்கொண்டார். தொழிலை விசாரித்தறிந்து சிகிச்சையைத் தீர்மானிக்கிற வைத்தியர் கிடைப்பது பாக்கியம் என்பேன்.

அந்தக் கிரணத்துக்கும் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1929-இல் பிறந்து, சென்னை சர்வகலாசாலையில் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிசாலையில் அமர்ந்த ரங்கஸ்வாமி ஸ்ரீநிவாசன், 1981 நவம்பரில், முதல்நாள் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து, எக்ஸைமர் லேசரை அதன்மேல் செலுத்திப் பார்த்தார். பட்ட இடம் மட்டும் சீராக அகன்று, பக்கத்துத் தசை கருகாமல் நின்றது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதாக் கிரணம், சுட்டெரிப்பதற்கு மாறாக அணுக்களின் பிணைப்பை அறுத்துவிடுகிறது. ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரானில் கால் பங்களவே அகலும். கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கல் 1983-இல் அவரோடு சேர்ந்து இதைக் கருவிழிக்குப் பிரயோகிக்கும் வழியைக் காட்டினார். ஸ்ரீநிவாசனுக்கும் அவருடைய சகாக்களான வின், ப்ளம் இருவருக்கும் 2013-இல் ஜனாதிபதி ஒபாமா பதக்கம் அணிவித்தார்.

தொண்டி இளைஞனின் கண்ணில் கிரணம் தன் காரியத்தை ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டது. பிற்பாடு வந்த அவஸ்தைதான் பெரிது. நீக்கிய தோல் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து மூடுவதற்கு நாலைந்து நாளாகும். அதுவரை காயத்துக்குக் கட்டுப்போல ஒரு மெல்லிய வில்லை கண்ணில் கிடக்க, மணலை அள்ளிப் போட்டாற்போல உறுத்தலும் நில்லாத நீருமாக, ஜன்னலுக்குச் சேலையைத் தொங்கவிட்டுக் கிடந்தான். மனம் பொறுக்காத அவன் அப்பத்தா நந்தியாவட்டைப் பூவோடு வந்து, “ரெண்டு சொட்டு பிழிஞ்சு விட்டா குளுகுளுன்னு ஆயிரும், ராசா” என்றாள். “பச்சத் தண்ணிகூடப் படக்கூடாதாம் அப்பத்தா, டாக்டரு கொடுத்த சொட்டு மருந்து மட்டுந்தான்” என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்குக் கோபம், ஆனால் ஆறாத கருவிழியில் பூச்சாறு விட்டால் கிருமி புகுந்து பார்வையே போய்விடலாம்.

வில்லையை எடுத்த பிறகும் பார்வை மங்கலும் தெளிவுமாக ஊசலாடி, வாரக்கணக்கில்தான் நிலைப்பட்டது. நரம்புகள் மீள மாதங்களாவதால் கண் வறண்டு, செயற்கைக் கண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. இரவில் துறைமுக விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. ஒரு மாதம் கடலில் இறங்கக்கூடாது. கரையில் வலை பொத்துவதானாலும் கறுப்புக் கண்ணாடி அவசியம், ஏனெனில் வெயிலின் புற ஊதாக் கிரணம் ஆறுகிற கருவிழியில் வெண்மூட்டத்தை உண்டாக்கிவிடக்கூடும். எந்தப் புற ஊதாவால் குணமானானோ அதற்கே அஞ்சி ஒளிந்து திரியவேண்டியதாயிற்று.

இப்போது அவன் கடலுக்குப் போய் வருகிறான். “எனக்கும் அந்த லைட்டை அடிச்சுவிடச் சொல்லேன்” என்று அப்பத்தா கேட்கத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கு இருப்பது கண்புரை. அதற்கு இந்தக் கிரணம் உதவாது. அவளை மதுரைக்கு அழைத்துப்போகிற விஷயம் அடுத்த இதழில்.