பாதியில் நின்றாலும் தொடர வேண்டும்

இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதி என்ற மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே கடும் பனி பெய்யும். மனாலியிலிருந்து வரும் வழியில் குன்சும் கணவாய் மூடிவிடும். அப்போது புத்தகக் கட்டுகள் வந்து சேர நாளாகும்.

ஆனால் பாடப் புத்தகங்கள் இணையத்திலும் இருக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்திய அரசு நிறுவனம் அவற்றை இலவசமாகத் தருகிறது. இந்தி, ஆங்கிலம், உருது மொழிகளில் கிடைக்கும். பாடம் பாடமாகவும் எடுக்கலாம். முழுப் புத்தகமாகவும் எடுக்கலாம்.

இப்படி எடுப்பதைப் பதிவிறக்கம் என்பார்கள். டவுன்லோட் என்பதும் இதுதான்.

பல வகுப்புப் புத்தகங்களை மொத்தமாக இறக்க வேண்டும். கூடவே பாட வீடியோக்களும் வேண்டும். சிக்னலோ வரும், போகும். மின்சாரமும் அப்படித்தான். இதற்கு எந்த மென்பொருள் நல்லது?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். வீடியோக் கோப்பு 2 ஜிபி இருக்கிறது. இணைய வேகம் நொடிக்கு 1 மெகாபிட். கோப்பை அளப்பது பைட்டில். வேகத்தை அளப்பது பிட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் ‘சொன்ன வேகம் வரவில்லையே’ என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்கள். அந்தக் கோப்பு இறங்க ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும்.

மூன்று மணி நேரம் கழித்து மின்சாரம் போனால் என்ன ஆகும்? சில மென்பொருள்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதுவரை செலவான டேட்டா வீண். ஒரு நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் போட்டிருந்தால் இன்னும் மோசம். தினமும் முதலிலிருந்து தொடங்கினால் 2 ஜிபி கோப்பு எப்போது முடியும்? முடியவே முடியாது.

நல்ல மென்பொருள் எதுவரை இறங்கியது என்று குறித்து வைத்துக்கொள்ளும். இணைப்பு திரும்பியதும், ‘மீதியை மட்டும் அனுப்பு’ என்று கேட்கும். அந்தப் பக்கத்துக் கணினியும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். சில கணினிகள் ஒத்துழைப்பதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிறிய கோப்பை இறக்குங்கள். பாதியில் இணைப்பை நிறுத்துங்கள். மறுபடி இணையுங்கள். பாதியிலிருந்து தொடர்ந்தால் நல்லது. பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் வேறு மென்பொருளைத் தேடுங்கள்.

அடுத்தது வரிசை. பத்துக் கோப்புகளை ஒரே நேரத்தில் இறக்கினால் வேகம் பத்தாகப் பிரியும். நடுவில் மின்சாரம் போனால் பத்தும் அரைகுறையாக நிற்கும். ஒவ்வொன்றாக இறக்கினால் நாலைந்தாவது முழுதாகக் கையில் இருக்கும். குழந்தைகள் அவற்றைப் படிக்கத் தொடங்கலாம். ரேஷன் கடை வரிசை போலக் கோப்புகளை நிறுத்தி வைக்கும் மென்பொருளே இந்த வேலைக்கு ஏற்றது.

ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர், ஜேடவுன்லோடர் ஆகிய இரண்டும் இதைச் செய்யும். இரண்டும் இலவசம். டபிள்யூகெட், ஏரியா2 என்று வேறு இரண்டு உண்டு. அவையும் இலவசம்தான். ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். புதியவர்களுக்கு அது சிரமம்.

மென்பொருளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகச் சிலர் இலவசமாகத் தருவார்கள். அதில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். அதை வாங்காதீர்கள். அதை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். அங்கும் கவனம் தேவை. ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் தளத்துக்கு 2020 முதல் 2022 வரை லினக்ஸ் பதிப்புக்காக வந்தவர்களில் சிலரை, திருடர்கள் போலிப் பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். 2023-இல்தான் இந்தச் செய்தி வெளியே தெரிந்தது. ஆகவே கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருளும் இருக்கட்டும்.

செல்போனில் பதிவிறக்கும் செயலி சில அனுமதிகள் கேட்கும். கோப்பைச் சேமிக்க இடம் கேட்டால் கொடுக்கலாம். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். வங்கியின் ரகசிய எண் அதில்தான் வருகிறது. கோப்பை இறக்கும் செயலிக்கு அது எதற்கு?