நாட்டுக்குள் நாடு, அதற்குள் நாடு: கூச் பெகார் நிலத்திட்டுகள்

தாஹலா காக்ராபாரி என்பது வங்கதேசத்தின் வடமேற்கில், பஞ்சகர் மாவட்டத்தில் உள்ள ஒரு விளைநிலம். பரப்பளவு சுமார் 7,000 சதுர மீட்டர். ஒரு கால்பந்து மைதானம் அளவுதான் இருக்கும். சணல் விளைந்த இந்த வயல் 2015 ஜூலை 31 வரை இந்தியாவின் நிலமாக இருந்தது. வயலைச் சுற்றியிருந்த உபன்சௌகி பஜ்னி வங்கதேசத்துக்குரியது. அதைச் சுற்றியிருந்த பாலாபாரா காக்ராபாரி இந்தியாவுக்குரியது. அதையும் சுற்றி நின்றது வங்கதேசம். அதாவது வங்கதேசத்துக்குள் இந்தியா, அந்த இந்தியாவுக்குள் வங்கதேசம், அந்த வங்கதேசத்துக்குள் மறுபடியும் இந்தியா. வயலுக்குச் சொந்தக்காரர் பக்கத்து வங்கதேசத் துண்டில் வசித்த விவசாயி. ஏர் ஓட்ட அவர் தினமும் பன்னாட்டு எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. அதைத் தடுக்க அங்கே காவலரும் இல்லை, வேலியும் இல்லை என்பது அவருடைய நல்ல காலம்.

ஒரு நாட்டின் நிலத்துண்டு முழுவதும் வேறொரு நாட்டால் சூழப்பட்டிருந்தால் அதை ஆங்கிலத்தில் என்க்ளேவ் என்பர். இக்கட்டுரையில் நிலத்திட்டு என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது. வங்காளிகள் இவற்றை சிட்மகால் என்கின்றனர். திட்டுக்குள் மற்ற நாட்டின் திட்டு இருந்தால் அது இரண்டாம் நிலைத் திட்டு. அதற்குள்ளும் ஒன்று இருந்தால் மூன்றாம் நிலைத் திட்டு. உலகில் இருந்த ஒரே மூன்றாம் நிலைத் திட்டு தாஹலா காக்ராபாரி.

இது தனித்த விந்தையன்று. இந்தியாவின் கூச் பெகார் மாவட்டத்தையும் வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியையும் பிரிக்கும் எல்லையின் இருபுறமும் இத்தகைய திட்டுகள் சிதறிக் கிடந்தன. இவற்றை விரிவாக ஆராய்ந்து 2002-இல் நூலாக வெளியிட்ட புவியியலாளர் பிரெண்டன் வைட்டின் கணக்குப்படி, வங்கதேசத்துக்குள் இந்தியாவின் துண்டுகள் 106, இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் துண்டுகள் 92. எப்படிச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். பின்னாளில் இரு அரசுகளும் பரிமாற்றத்துக்காக ஏற்றுக்கொண்ட பட்டியலில் 111-ம் 51-ம், ஆக 162 திட்டுகள் இருந்தன.

சதுரங்கக் கதையும் வரலாறும்

இத்திட்டுகள் உருவானது குறித்து அப்பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. கூச் பெகார் மன்னரும் ரங்பூரின் ஆட்சியாளரும் சதுரங்கம் ஆடி, ஊர்களைப் பணயமாக வைத்தார்களாம். தோற்றவர் ஒவ்வோர் ஊராகக் கொடுத்ததால் நிலம் இப்படிச் சிதறியதாம். கேட்கச் சுவையான கதை. ஆனால் ஆதாரம் இல்லை.

உண்மையான காரணம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கூச் பெகார் அரசுக்கும் மொகலாயருக்கும் நடந்த நீண்ட போர்கள் 1711–1713 காலத்து உடன்படிக்கைகளோடு ஓய்ந்தன. போதா, பாட்கிராம், பூர்வபாக் என்ற மூன்று வருவாய்ப் பிரிவுகள் மொகலாயர் பக்கம் போயின. ஆனால் அவற்றுக்குள் இருந்த சில வலிமையான நிலக்கிழார்களை மொகலாயரால் வெளியேற்ற முடியவில்லை. அவர்கள் கூச் பெகார் மன்னருக்கே தொடர்ந்து வரி செலுத்தினர். அதேபோல, கூச் பெகாருக்குள் நிலம் பிடித்துத் தங்கிவிட்ட மொகலாயப் படைவீரர் சிலர் மொகலாய அரசுக்கே விசுவாசமாக இருந்தனர். திட்டுகளின் வித்து இதுதான்.

அக்காலத்தில் இது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அரசு என்பது கோடு கிழித்து வேலி போட்ட நிலப்பரப்பு அன்று. இன்ன ஊர் இன்னாருக்கு வரி கட்டுகிறது என்பதே ஆட்சியின் அடையாளம். ஒரு வயலின் விளைச்சலில் பங்கு இவருக்கும் பக்கத்து வயலின் பங்கு அவருக்கும் போனால் உழுபவருக்கு என்ன நட்டம்? சந்தை ஒன்று, ஆறு ஒன்று, மொழி ஒன்று. தமிழ் வாசகர்களுக்கு இதற்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற புதுச்சேரி மாவட்டம் இன்றும் ஒரே நிலத்துண்டாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே பல துண்டுகளாகக் கிடக்கிறது. பேருந்தில் போகிறவர் அதை உணர்வது சாலையோரப் பெயர்ப்பலகைகளையும் மதுக்கடைகளையும் பார்த்துத்தான்.

1765-இல் வங்காளத்தின் வருவாய் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. 1773-இல் கூச் பெகாரும் கம்பெனியின் பாதுகாப்பை ஏற்றுக் கப்பம் கட்டும் அரசானது. ரங்பூர் பிரிட்டிஷ் மாவட்டம், கூச் பெகார் மன்னராட்சி. மேலே இருந்த அதிகாரம் ஒன்றே என்பதால் திட்டுகள் அப்படியே நீடித்தன.

எல்லை இறுகியபோது

இந்தக் குழப்பத்துக்கு 1947-இல் எல்லைக் கோடு வரைந்த சிரில் ராட்கிளிப்பின் அவசரமே காரணம் என்று பலர் எழுதுகின்றனர். இது சரியன்று. ராட்கிளிப் பிரித்தது பிரிட்டிஷ் வங்காளத்தை. கூச் பெகார் மன்னராட்சிப் பகுதி என்பதால் அவருடைய பொறுப்பில் அது வரவே இல்லை. ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கூச் பெகார் 1949-இல் இந்தியாவுடன் சேர்ந்து, 1950 ஜனவரி 1-இல் மேற்கு வங்கத்தின் மாவட்டமானது. மன்னருக்குரிய நிலம் அனைத்தும் இந்தியாவுக்கு என்றானபோது, ரங்பூருக்குள் சிதறியிருந்த அவருடைய ஊர்களும் இந்தியாவாயின. பழைய வரிக்கணக்கு ஒரே நாளில் பன்னாட்டு எல்லையானது.

அப்போதும் மக்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தனர். 1952-இல் இந்தியாவுக்கும் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் இடையே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமானபோதுதான் கதவு சாத்தப்பட்டது. கடவுச்சீட்டு வேண்டுமென்றால் திட்டுவாசி தன் நாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு மற்ற நாட்டின் மண்ணைக் கடக்க வேண்டும். கடக்க விசா வேண்டும். விசா வாங்கக் கடவுச்சீட்டு வேண்டும். சட்டப்படி நடப்பதென்றால் அவர் பிறந்த ஊரைவிட்டு ஓரடிகூட வெளியே வைக்க முடியாது. எனவே சந்தைக்குப் போன ஒவ்வொருவரும் சட்டத்தை மீறியே போனார்.

சொந்த நாட்டு அதிகாரிகளும் உள்ளே வர இயலவில்லை. சூழ்ந்திருந்த நாட்டுக்கோ அது அயல்மண். ஆகவே பள்ளி, மருத்துவமனை, சாலை, ரேஷன் அட்டை, வாக்குச்சாவடி எதையும் அமைக்க யாரும் இல்லை. பக்கத்து ஊரில் விளக்கு எரிய, திட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். கொலையோ கொள்ளையோ நடந்தால் புகார் கொடுக்கக் காவல் நிலையம் இல்லை. தேடப்பட்ட குற்றவாளிகள் சிலர் இத்திட்டுகளில் ஒளிந்துகொண்டதும் உண்டு. நிலத்தை விற்றால் பதிவு செய்ய அலுவலகம் இல்லாததால் வெற்றுத்தாளில் எழுதிய ஒப்பந்தமே பத்திரம். ஊர்ப் பெரியவர்களைக் கொண்ட குழுக்களே வழக்குகளைத் தீர்த்துவைத்தன.

மக்கள் கண்டுபிடித்த வழி, அடையாளத்தைக் கடன் வாங்குவது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள தெரிந்தவர் ஒருவரைத் தந்தை என்று எழுதினர். இந்தியாவால் சூழப்பட்ட வங்கதேசத் திட்டுகளில் இருந்த கர்ப்பிணிகள் தின்ஹாட்டா போன்ற ஊர்களின் மருத்துவமனையில் சேர, இந்தியர் ஒருவரின் பெயரைக் கணவர் பெயராகக் கொடுத்தனர். பிறப்புச் சான்றிதழில் தொடங்கிய அந்தப் பொய்யைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டியிருந்தது. வரைபட விந்தைகளைத் தொகுத்துத் தருபவர்கள் தாஹலா காக்ராபாரியைத் தவறாமல் சேர்ப்பார்கள். இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறு நகரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நெதர்லாந்து மண்ணில் உள்ள பார்லே நகரில் பெல்ஜியத்தின் 22 திட்டுகள் உள்ளன. அவற்றுக்குள் நெதர்லாந்தின் உட்திட்டுகள் 7. இதன் வேரும் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரபுக்களுக்கிடையே நடந்த நிலப் பங்கீடுதான். எல்லைக்கோடு கடைகளையும் வீடுகளையும் ஊடறுத்துச் செல்கிறது. வீட்டு வாசற்கதவு எந்த நாட்டில் திறக்கிறதோ அந்த நாட்டு முகவரி என்பது அங்கே வழக்கம். சுற்றுலாப் பயணிகள் கோட்டின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். சிக்கலான வடிவம் இரண்டு இடத்திலும் உண்டு. பார்லேயில் இரு அரசுகளும் கோட்டைத் தாண்டிப் போகவர விட்டன. குழாய்நீரும் மின்சாரமும் எப்படிப் போக வேண்டும் என்று பேசி முடித்தன. கூச் பெகாரில் அது நடக்கவில்லை.

57 ஆண்டுப் பேச்சு

தீர்வு என்ன என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது: திட்டுகளை மாற்றிக்கொள்வது. 1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் இதற்கு ஒப்புக்கொண்டனர். அதே ஒப்பந்தத்தில் பேருபாரி என்ற பகுதியைப் பாதியாகப் பிரிக்கவும் முடிவானது. மேற்கு வங்கத்தில் எதிர்ப்புக் கிளம்பவே, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960-இல் நீதிமன்றம் கூறியது. அந்த ஆண்டே ஒன்பதாவது திருத்தம் வந்தும், வழக்குகளால் நிலம் கைமாறவில்லை. பிறகு 1971-இல் பாகிஸ்தானே அங்கிருந்து அகன்றது.

பேருபாரி என்ற பெயர் தமிழ்நாட்டிலும் ஒலித்த பெயர்தான். கச்சத்தீவு ஒப்பந்தம் திருத்தமின்றிச் செய்யப்பட்டதால் செல்லாது என்று வாதிடுவோர் சுட்டிக்காட்டுவது இந்தத் தீர்ப்பையே. 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தை நாடியபோதும் இது முன்வைக்கப்பட்டது. கச்சத்தீவு வரையறுக்கப்படாத, தகராறில் இருந்த பகுதி என்பதால் அங்கே நிலத்தைக் கொடுத்ததாகாது என்பது மத்திய அரசின் பதில். இரண்டு விவகாரங்களுக்கும் ஆண்டு ஒன்றே. 1974 மே 16-இல் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரகுமானும் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கச்சத்தீவு ஒப்பந்தம் அடுத்த மாதமே வந்தது.

1974 ஒப்பந்தத்தை வங்கதேசம் அந்த ஆண்டே உறுதி செய்தது. இந்தியா உறுதி செய்ய 41 ஆண்டுகள் ஆயின. தடையாக நின்றது ஏக்கர் கணக்கு. இந்தியா கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 17,160 ஏக்கர், பெறுவது 7,110 ஏக்கர். பத்தாயிரம் ஏக்கர் நட்டம் என்று மேடையில் சொல்வது எளிது. அந்தப் பத்தாயிரம் ஏக்கரில் இந்திய அதிகாரி ஒருவரும் கால்வைக்க முடியாத நிலையில், இழப்பதற்கு அங்கே என்ன இருந்தது என்ற கேள்வி மேடை ஏறவில்லை. 2011-இல் மன்மோகன் சிங், ஷேக் ஹசீனா முன்னிலையில் துணை ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. 2015 மே மாதம் நூறாவது அரசமைப்புத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

2015 ஜூலை 31 நள்ளிரவில் திட்டுகள் கைமாறின. 68 ஆண்டுகளைக் குறிக்க 68 மெழுகுவர்த்திகளை ஏற்றி மக்கள் கொண்டாடினர்.

எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தனர்?

நிலம் கைமாறினாலும் குடியுரிமையை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்று இரு அரசுகளும் அறிவித்திருந்தன. 2011-இல் இரு நாடுகளும் சேர்ந்து எடுத்த கணக்கில் இந்தியத் திட்டுகளில் 37,334 பேர், வங்கதேசத் திட்டுகளில் 14,215 பேர், ஆக 51,549 பேர் இருந்தனர். தாள்களில் அதுவரை தாங்கள் எந்த நாட்டினரோ அந்த நாட்டையே பெரும்பாலோர் தேர்வர் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். நடந்தது நேர்மாறு. இந்தியத் திட்டுகளில் இருந்தோரில் இந்தியக் குடியுரிமையே போதும் என்றவர்கள் 979 பேர் மட்டுமே. வங்கதேசத் திட்டுகளில் இருந்தோரில் வங்கதேசம் போக ஒருவரும் விரும்பவில்லை. வயல், வீடு, உறவு, சந்தை எந்த நாட்டோடு ஒட்டியிருந்ததோ அந்த நாடே தங்கள் நாடு என்று ஏறக்குறைய எல்லோரும் முடிவு செய்தனர்.

இந்தியாவைத் தேர்ந்தவர்களில் 900-க்கும் மேற்பட்டோர் 2015 நவம்பரில் எல்லை கடந்து வந்தனர். தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி ஆகிய இடங்களில் தகரக் கொட்டகை முகாம்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். நிலையான வீடுகளுக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. புதிதாக இந்தியரானவர்கள் 2016 மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தனர்.

எஞ்சியிருப்பது

தாஹலா காக்ராபாரி இன்று வங்கதேசத்தின் சாதாரண வயல். உலகில் இப்போது மூன்றாம் நிலைத் திட்டு எதுவும் இல்லை. இரண்டாம் நிலைத் திட்டுகளுக்குப் பார்லேயும், ஓமானின் மதாவுக்குள் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தின் நாவாவும் எடுத்துக்காட்டுகள்.

ஆனால் கூச் பெகாரில் எல்லாத் திட்டுகளும் மறைந்துவிடவில்லை. பரிமாற்றத்தில் சேர்க்கப்படாத தஹகிராம்–அங்கார்போத்தா இன்றும் இந்தியாவால் சூழப்பட்ட வங்கதேசப் பகுதி. அதையும் வங்கதேசத்தையும் இணைப்பது தீன் பிகா என்னும் 178 மீட்டர் நீள, 85 மீட்டர் அகல இந்திய நிலம். மூன்று பிகா என்பது பெயரின் பொருள். பிகா அப்பகுதியின் நில அளவை. 1992 ஜூன் 26-இல் இது வங்கதேசத்தின் பயன்பாட்டுக்குக் குத்தகையாகத் தரப்பட்டது. தொடக்கத்தில் பகலில் மட்டும், ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் திறந்தனர். இரவில் நோயாளியைக் கொண்டுபோகவும் வழி இல்லை. பின்னர் காலை 6 முதல் மாலை 6 வரை என்றானது. 2011 முதல் 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.