வெள்ளைபடுவதெல்லாம் வியாதி அல்ல



"ஐயா, மாசத்திலே நாலு நாளைக்கு வெள்ளையாப் படுது, மருந்து கொடுங்க" என்று கேட்டு வருகிற பெண்கள் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் இன்றும் உண்டு. விசாரித்துப் பார்த்தால் சிலருக்கு அது வியாதியே அல்ல. கரு தங்கும் நாட்கள் வந்துவிட்டன என்று உடம்பு சொல்லும் செய்தி அது. அப்படி வருகிறவர்களிலேயே சிலர், கல்யாணமாகி இரண்டு மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லையே என்று கலங்குகிறவர்கள்!

மாதம் ஒரு முறை சினைப்பையிலிருந்து ஒரு கருமுட்டை வெளிவருகிறது. அது 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வருவதற்கு முந்திய 5 நாளும் வரும் நாளும் சேர்ந்து 6 நாட்களே கரு தங்கக்கூடிய நாட்கள்.

"மாதவிலக்கு வந்து 14-ஆம் நாள்" என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். இது எல்லாருக்கும் பொருந்தாது. முட்டை வந்து ஏறக்குறைய 14 நாள் கழித்தே அடுத்த மாதவிலக்கு வரும் என்பதுதான் சரி. 28 நாளுக்கு ஒரு முறை வருகிறவருக்கு 14-ஆம் நாள். 35 நாளுக்கு ஒரு முறை வருகிறவருக்கு 21-ஆம் நாள் வாக்கில் முட்டை வரும். நாள் தவறித் தவறி வந்தால் கணக்கை நம்பாதீர்கள், அடையாளத்தைப் பாருங்கள்.

முதல் அடையாளம் ஈரம். மாதவிலக்கு நின்றபின் சில நாள் வறட்சி இருக்கும். பிறகு பிசுபிசுப்பு வரும். முட்டை வரும் சமயத்தில் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுவழுப்பாக இருக்கும். இரண்டு விரலுக்கிடையே இழுத்தால் நூல்போல் நீளும். பிறகு கெட்டியாகிவிடும், அல்லது வறண்டுவிடும்.

இரண்டாவது உடற்சூடு. முட்டை வந்தபின் சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் கூடும். பெரட்டுக்குப் போக எழும்போது, படுக்கையைவிட்டு இறங்குமுன்னே தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் சூடு கூடியது தெரியும்போது முட்டை வந்து போயிருக்கும்.

மூன்றாவது, சிலருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக இலேசான வலி. எல்லாருக்கும் இது வராது.

"படிக்காத எனக்கு இதெல்லாம் விளங்குமா?" என்று தயங்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் பெங்களூர் உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில் 869 பெண்களுக்கு ஈர அடையாளத்தைக் கற்றுக்கொடுத்தது. முதல் மாதத்திலேயே நூற்றுக்கு 93 பேர் அதைச் சரியாகக் கண்டுகொண்டார்கள் என்று 1981-இல் அறிவித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஆனால் எச்சரிக்கை! அரிப்பு, துர்நாற்றம், தயிர்போல் திரிதிரியாகப் படுதல், மஞ்சள் அல்லது பச்சை நிறம், காய்ச்சல் இருந்தால் அது நோய். உடனே கிளினிக்குக்குப் போங்கள். இதை மட்டும் நம்பிக் குடும்பக் கட்டுப்பாடு செய்யவும் வேண்டாம். முறையாகக் கற்காமல் செய்தால் ஏமாந்து போவீர்கள். தாதியிடம் ஆலோசனை கேளுங்கள்.

ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, டாக்டரைப் பார்க்க வேண்டும். கணவன்மாரே, நீங்களும் கூடப் போக வேண்டும்! குறை ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை சுலபமானது, வலியில்லாதது. பரிசோதிக்காமல் பெண்ணை மட்டும் "மலடி" என்று ஏசுவது பெரும்பாவம்.