இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில்

“அறுவையின்போது இதயத்தை நிறுத்திவிடுவீர்களா?” ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் உறவினர் பலர் எங்களிடம் தயக்கத்துடன் கேட்கும் கேள்வி இது. ஆம், திறந்த இதய அறுவைகள் பலவற்றில் இதயம் சிறிது நேரம் அசைவற்றிருக்க வேண்டும். அந்நேரத்தில் இதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் இதய-நுரையீரல் இயந்திரம் ஏற்கிறது. 1953ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் மருத்துவர் ஜான் கிப்பன் இதனை மனிதரிடம் முதன்முறையாக வெற்றியுடன் பயன்படுத்தினார்.

இவ்வியந்திரத்தை இயக்குபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். நோயாளியின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ப இரத்த ஓட்டத்தை அமைப்பதும், ஆக்சிஜனையும் வெப்பநிலையையும் கண்காணிப்பதும், குழாய்களில் இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் மருந்து போதிய அளவில் உள்ளதா என இடையிடையே சோதிப்பதும் அவரது பொறுப்பு.

பெரும்பாலும் இப்பணி இடையூறின்றி நிறைவுறும். அரிதாக, மின்சாரம் தடைபடலாம். குழாயினுள் காற்று புகலாம். இரத்தத்துக்கு ஆக்சிஜன் அளிக்கும் கருவி பழுதாகலாம். இயல்பான வெப்பநிலையில் இரத்த ஓட்டம் நின்றால் மூளை சில நிமிடங்களே தாங்கும். இத்தகைய இடரைச் சமாளிக்க, அது நேரும் நாளில் கற்றுக்கொள்ள இயலாது; நோயாளியிடம் பழகிப் பார்க்கவும் கூடாது.

இதற்காகவே பாவனைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இயந்திரம் உண்மையானதே. ஆனால் அதன் குழாய்கள் மனித உடலுக்குப் பதிலாக, வண்ணநீர் நிரம்பிய மாதிரி அமைப்புடன் இணைக்கப்பட்டிருக்கும். பயிற்றுநர் முன்னறிவிப்பின்றி அழுத்தத்தைக் குறைப்பார். மின் இணைப்பையும் துண்டிப்பார். மாற்று மின்கலமும் உதவாதபோது, பயிலுநர் கைப்பிடியைப் பொருத்திப் பம்பைக் கையாலேயே சுழற்ற வேண்டும். முடிந்ததும் அனைவரும் அமர்ந்து, நிகழ்ந்ததைப் படிப்படியாக ஆராய்வோம்.

புதியவர்களிடம் நாங்கள் முதலில் திருத்த விழைவது கைத்திறனை அன்று, மௌனத்தை. தனியே சரிசெய்ய முயன்று, அறுவை மருத்துவரிடம் கூறத் தாமதித்தால் விலைமதிப்பற்ற நொடிகள் வீணாகும். ஐயம் எழுந்தவுடன் உரக்கச் சொல்லும் துணிவும் பயிற்சியால் வருவதே.

பயிற்சி எல்லா ஆபத்தையும் நீக்கிவிடாது. ஆயினும் ஆபத்தின்முன் திகைத்து நிற்கும் நேரத்தைக் குறைக்கிறது.

இப்பாதுகாப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு. நோயாளி உட்கொள்ளும் மருந்துகளையும், குறிப்பாக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளையும், முன்பு ஹெபாரினால் ஏற்பட்ட ஒவ்வாமையையும் மறவாது தெரிவியுங்கள். எம்மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். இயந்திரத்தை இயக்குபவர் யார் என்றும் தயங்காமல் கேளுங்கள். விளக்குவது எங்கள் கடமை.