பத்தாண்டு மழையும் நம் வீட்டுக் கால்வாயும்

பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் படம் வரையச் சொன்னால், நம் மாணவர்களில் பாதிப் பேர் பனிக்கரடியை வரைவார்கள். தப்பில்லை. ஆனால், டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை மாடிக்குத் தூக்கிய பிள்ளையும் அதே கரடியைத்தான் வரைகிறது. அந்தப் பிள்ளையின் தாமானை வரப்போகும் மழைக்குத் தயார்செய்ய வேண்டியது நகராண்மைக் கழகம். அது என்ன திட்டம் போடுது, எப்படிப் போடுது என்பதை வகுப்பில் எடுத்துச் சொல்ல ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு சொற்கள். புகையைக் குறைத்துப் புவி சூடாவதைக் கட்டுப்படுத்துவது தணிப்பு. இனி எப்படியும் வரப்போகிற வெப்பத்துக்கும் மழைக்கும் ஊரைத் தயார்செய்வது தகவமைப்பு. அறிவியல் பாடத்தில் விலங்குகளின் நீடுநிலவலைச் சொல்லிக்கொடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். ஒரே ஒரு வித்தியாசம்: ஒட்டகத்துக்குத் திமில் தானாக வந்தது, தாமானுக்குக் கால்வாய் தானாக வராது.

யாருடைய கால்வாய்?

வெள்ளம் வந்ததும் எல்லாரும் நகராண்மைக் கழகத்தைத்தான் ஏசுவோம். அதில் பாதி நியாயம் உண்டு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாய் அவர்கள் பொறுப்பு. அது போய்ச் சேரும் ஆறு வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கையில். கூட்டரசுச் சாலையோரக் கால்வாய் பொதுப்பணி இலாகாவினுடையது. நிலம் மாநில அரசின் அதிகாரம். பெரிய ஆற்றுத் திட்டம் என்றால் பணம் புத்ராஜெயாவிலிருந்து வரணும். மழைத் தண்ணிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது.

2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி. இப்படிப்பட்ட இடங்களில் ஆற்று மட்டம் கால்வாய் வாயைவிட உயர்ந்துவிட்டால், தண்ணீர் வெளியே போகாது. திரும்பி உள்ளே வரும். மதகை அடைத்து, பம்பு வைத்து, உள்ளே தேங்கும் தண்ணீரை ஆற்றுக்குள் இறைக்க வேண்டும். கால்வாயை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் அந்த நேரத்தில் பம்பு ஓடாவிட்டால் பிரயோசனமில்லை. ஆகவே, எந்த மட்டத்தில் யார் மதகை மூடுவது, பம்புக்கு மின்சாரம் போனால் என்ன செய்வது, எந்தச் சாலை மக்களை முதலில் எழுப்புவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதும் தகவமைப்புத் திட்டம்தான். கட்டுமானத்தைவிட இது மலிவு. ஆனால், திறப்பு விழா வைக்க முடியாது என்பதால் இதற்கு மவுசு குறைவு. அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடு முழுக்க 50 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். புள்ளியியல் துறையின் கணக்கில் மொத்த இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட்.

பத்தாண்டு மழை என்றால்?

எந்தக் கால்வாயும் எல்லா மழைக்கும் கட்டப்படுவதில்லை. பொறியாளர் ஒரு மழையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஏற்ற அளவில் கட்டுகிறார். குடியிருப்புப் பகுதியின் சின்னக் கால்வாய் ஐந்தாண்டு மழைக்கோ பத்தாண்டு மழைக்கோ இருக்கும். பெரிய வடிகால்களுக்கு நூறாண்டு மழை வரைக்கும் கணக்குப் போடுவார்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ‘மஸ்மா’ கையேட்டில் இந்தக் கணக்கு இருக்கிறது.

இங்கேதான் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். பத்தாண்டு மழை என்றால் பத்து வருடத்துக்கு ஒருமுறை முறைவைத்து வரும் மழை இல்லை. எந்த ஒரு வருடத்திலும் அது வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு. போன வருடம் வந்திருந்தாலும் இந்த வருடமும் அதே பத்தில் ஒன்றுதான். ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இதைக் கணக்காகவே கொடுக்கலாம். ஒரு வருடம் அது வராமல் போகும் வாய்ப்பு 0.9. ஆறு வருடம் தொடர்ந்து வராமல் போக 0.9ஐ ஆறு தடவை பெருக்கணும், விடை 0.53. அப்படியென்றால், முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் பத்தாண்டு மழையை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு 47 விழுக்காடு. கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பதுபோல. நூறாண்டு மழையும் அப்படித்தான்: 30 வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் அது வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தப் பத்தாண்டு, நூறாண்டுக் கணக்கெல்லாம் பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போட்டது. காற்று சூடானால் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் சுமார் 7 விழுக்காடு அதிகம். அது கொட்டும்போது பலமாகக் கொட்டுகிறது. நம் தாத்தா காலத்துப் பத்தாண்டு மழை, பேரன் காலத்தில் ஐந்தாண்டு மழையாகிவிடலாம். ஆக, பழைய அளவில் கால்வாயைப் புதுசாகக் கட்டிக்கொடுப்பதைத் தகவமைப்பு என்று சொல்ல முடியாது.

பினாங்கு செய்வது

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் ஓர் இரவுக்குள் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஏழு பேர் இறந்தார்கள். உதவிக்கு இராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் மாநிலமும் பினாங்குத் தீவின் மாநகராண்மைக் கழகமும் திங்க் சிட்டி அமைப்பும் சேர்ந்து, ஐநா குடியிருப்புத் திட்டத்தின் வழியாக, தகவமைப்பு நிதியம் என்ற உலக நிதியத்துக்கு விண்ணப்பித்தன. 10 மில்லியன் அமெரிக்க டாலர் கிடைத்தது. ஜார்ஜ்டவுன், பாயான் லெப்பாஸ் இரண்டு இடங்களிலும் வேலை.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, வெப்பத்தையும் வெள்ளத்தையும் ஒன்றாகப் பார்த்ததுதான். நிழல் மரம் தெருவைக் குளிர்விக்கும். அதன் அடியில் இருக்கும் மண் மழையைக் குடிக்கும். சிமெண்டு போட்ட கார் நிறுத்தம் இரண்டையும் கெடுக்கும். அதனால் சாலையோர மரங்கள், சிறு பூங்காக்கள், புல் வாய்க்கால், தண்ணீரைத் தேக்கி மெல்ல விடும் குளங்கள் என்று போகிறது பட்டியல். மரம் நடுவது சுலபம். படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் போன பிறகு, நிதி முடிந்த பிறகு, யார் தண்ணி ஊத்துவது? பராமரிப்புச் செலவு மாநகராண்மைக் கழகத்தின் வருடாந்திர பட்ஜெட்டில் ஏறினால்தான் அது திட்டம்.

நம்ம குரல் போகும் வழி

ஊராட்சித் தேர்தல் இந்நாட்டில் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை இன்று மாநில அரசு நியமிக்கிறது. கால்வாய்க்காக ஓட்டுப் போட வழியில்லை என்பதால், சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரு ஜன்னலைத் தெரிந்து வைத்திருக்கணும். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைக் குறைந்தது நான்கு வாரம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபத்தையும் கருத்தையும் எழுதிக் கொடுக்கலாம். தண்ணீர் தேங்கும் காலி நிலத்தில் நாளைக்கு அடுக்குமாடி வருமா என்பது அந்த வரைபடத்தின் நிறத்தில் தெரிந்துவிடும். நம் மக்களில் அதைப் போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. நோட்டீஸ் மலாயிலும் சட்ட மொழியிலும் இருப்பது ஒரு காரணம். படிச்ச பிள்ளை வீட்டில் இருந்தால் அது பெரிய தடையே இல்லை.

பள்ளியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாணவர்கள் தத்தம் தாமானின் வரைபடத்தைக் கையால் வரைந்து, கால்வாய் எந்தப் பக்கம் ஓடுது, எங்கே முதலில் தண்ணி ஏறும், எந்த வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி உண்டு என்று குறிக்கட்டும். (வெயில் நாளில் மட்டும், மழையில் கால்வாய்ப் பக்கம் யாரும் போக வேண்டாம்.) பல பள்ளிகள் வெள்ளக் காலத்தில் நிவாரண மையமாகின்றன, அந்தச் சாலையும் வரைபடத்தில் இருக்கட்டும்.

பிறகு அதைக் கடிதமாக்கலாம். “எங்கள் இடத்தில் அடிக்கடி வெள்ளம்” என்று எழுதினால் கோப்பில் போய்த் தூங்கும். தேதி, மணி, சாலைப் பெயர், முழங்கால் அளவா இடுப்பளவா, வடிய எத்தனை மணி நேரம் என்று எழுதணும். சுவரில் தங்கிய சேற்றுக் கோட்டின் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுத்த படமும் சேர்ந்தால், பொறியாளருக்கு அது ஓர் அளவீடு.