சொல்லுக்குச் சொல் துணை

வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது. 'வெயில் பெய்கிறது' என்று யாரேனும் சொன்னால் நம் வீட்டுக் குழந்தையும் சிரிக்கும். அதில் இலக்கணப் பிழை யாதொன்றும் இல்லை. சொற்களின் சேர்க்கைதான் பொருந்தவில்லை.

இங்கிலீஷிலும் இதே சங்கடம்தான். நாம் மருந்து சாப்பிடுகிறோம் என்பதற்காக 'ஈட் மெடிஸின்' என்று எழுதினால் ஆங்கிலேயர் காதுக்கு ஒவ்வாது. 'டேக் மெடிஸின்' என்பதே அவர்கள் வழக்கு. தேநீருக்கு 'ஸ்ட்ராங்' பொருந்தும்; பலத்த மழைக்குப் பொருந்தாது, அதற்கு 'ஹெவி' வேண்டும். ஏன் என்று கேட்டால் இலக்கண நூலில் விடை இராது.

இதை நன்கு உணர்ந்தவர் ஹெரால்டு பால்மர் என்ற ஆங்கில ஆசிரியர். 1922-ல் ஜப்பானுக்குச் சென்ற அவர், இத்தகைய சொற்சேர்க்கைகளைத் திரட்டி 1933-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். அவருடன் உழைத்த ஹார்ன்பி, வேறிருவரோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. சொல்லின் பொருளோடு அதன் பிரயோகத்தையும் அது காட்டிற்று.

ஆகவே, 'ரெயின்' என்றால் மழை என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்தலாகாது. அதனுடன் இணைந்து வரும் சொல்லையும் சேர்த்தே எழுதி வைக்கச் செய்வோம். அவர்கள் தவறும்போது நாம் சிரிக்க வேண்டாம். சிரித்தால் குழந்தை பேசவே அஞ்சும். பேசாத வாய்க்கு எந்தப் பாஷையும் வராது.